புது காருக்கு இன்னொரு தோல்! - ஜி.பி. ரோட்டில் ஒரு பகல்

சென்னை அண்ணாசாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரிகிறது ஜெனரல் பேட்டர்ஸ் சாலை. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ராணுவத் தளபதி ஒருவரின் பெயர். அந்தப் பெயரை முழுதாக உச்சரிப்பவர்கள் இன்று குறைவு. கார் வைத்திருப்பவர்களுக்கு அது 'ஜி.பி. ரோடு'. அவ்வளவுதான்.

காலை பத்து மணிக்கு ஷட்டர்கள் ஒவ்வொன்றாக மேலே ஏறுகின்றன. சீட் கவர்கள் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வாசலில் தொங்குகின்றன. தரை மேட், ஹாரன், ரிவர்ஸ் கேமரா, டேஷ்போர்டில் ஒட்டுகிற குட்டிப் பிள்ளையார் என எல்லாம் கடை வாசலுக்கே வந்துவிடுகின்றன. ரோட்டோரம் வண்டியின் வேகம் லேசாகக் குறைந்தால் போதும், "வாங்க சார், என்ன மாட்டணும்?" என்று ஒருவர் ஜன்னல் பக்கம் வந்துவிடுவார்.

இந்தச் சாலைக்கு வருகிற பல கார்களில் இன்னும் நம்பர் பிளேட்டின் பளபளப்புகூடப் போயிருக்காது. சீட்டின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும். அந்தக் காலை வந்து நின்ற நீல நிற ஹேட்ச்பேக்கும் அப்படித்தான். டெலிவரி எடுத்து நான்கு நாள்கள். ஓட்டி வந்தவர் மகள், பக்கத்தில் அப்பா. பின்னால் வந்து நின்ற ஆட்டோவிலிருந்து அலுமினிய வாக்கரை ஊன்றிக்கொண்டு இறங்கினார் அம்மா.

சொந்தக் கார் இருக்க, அம்மா மட்டும் ஏன் ஆட்டோவில் வந்தார்? அன்று அவர்கள் ஜி.பி. ரோட்டுக்கு வந்ததற்குக் காரணமே அதுதான்.

முதல் கீறல்

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க சைக்கிள், பிறகு மொபெட், அப்புறம் ஒரு ஸ்கூட்டர். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்த பிறகு பஸ் ஏற முடியவில்லை. வாரம் இரண்டு முறை பிசியோதெரபி. அதற்காகத்தான் மகள் வங்கிக் கடன் போட்டு அந்தக் காரை வாங்கினார். "ரயில் பெட்டி கலர்லயே எடும்மா" என்று அப்பா சொன்னதால் நீலம்.

ஷோரூம் வாசலில் பூசணிக்காய் உடைத்து, போட்டோ எடுத்து, அம்மா முதன்முதலாக வண்டியில் ஏறப்போன நேரத்தில் வாக்கரின் கால் பின்கதவில் உரசியது. விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு.

யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால், அன்றிலிருந்து அம்மா அந்த வண்டியில் ஏறவில்லை. "எனக்கு ஆட்டோதான் வசதி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"ஃபுல் பாடிக்கும் ஃபிலிம் ஒட்டிட்டா அம்மாவுக்குப் பயம் இருக்காதுப்பா. எங்க இடிச்சாலும் ஒண்ணும் ஆகாது" என்பது மகளின் கணக்கு. கடைக்காரர் சொன்ன விலை 75,000 ரூபாய். அப்பா அந்தத் தொகையைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அது அம்மாவின் பிசியோதெரபிக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பணத்தைவிட அதிகம்.

ஹெலிகாப்டர் இறக்கையிலிருந்து காருக்கு

'பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்', சுருக்கமாக பி.பி.எஃப். செல்போனுக்கு ஒட்டுகிற ஸ்க்ரீன் கார்டு மாதிரி, காரின் பெயின்டுக்கு மேல் ஒட்டுகிற தெளிவான படலம். ஒட்டியிருப்பதே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் அழகு.

இதன் தொடக்கம் கார் அல்ல, போர். 1960-களில் வியட்நாம் போரின்போது அமெரிக்க ஹெலிகாப்டர்களின் இறக்கை விளிம்புகளை மணலும் கல்துகளும் அரித்தன. அதைத் தடுக்க யூரித்தேன் படலம் ஒட்டினார்கள். பின்னர் அது பந்தயக் கார்களின் மூக்குப் பகுதிக்கு வந்தது. அங்கிருந்து சாதாரணக் கார்களின் பம்பருக்கும் பானெட்டுக்கும். ஆரம்ப காலப் படலங்கள் வெயிலில் மஞ்சள் பூத்தன. இன்று நல்ல ஃபிலிம் என்று சொல்லப்படுபவை டி.பி.யு. எனப்படும் தெர்மோபிளாஸ்டிக் பாலியூரித்தேனில் செய்யப்படுபவை. இழுத்தால் நீளும், விட்டால் பழைய நிலைக்குத் திரும்பும்.

"கடையில ரெண்டு துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்க சார்" என்றார் ஃபிலிம் ஒட்டும் இளைஞர். ஒன்று ரப்பர் மாதிரி நீண்டு திரும்பியது. இன்னொன்று விறைப்பாக நின்றது, பலமாக இழுத்ததும் தொய்ந்துபோனது. இரண்டாவது பி.வி.சி. விலை குறைவு. நம் ஊர் வெயிலில் சீக்கிரமே மஞ்சளாகி, வெடித்து, உரிக்கும்போது பசையைக் காரிலேயே விட்டுவிட்டு வரும் ரகம்.

அப்பாவின் முகத்தில் முதன்முறையாக ஆர்வம் தெரிந்தது. "எத்தனை மைக்ரான் தம்பி?"

இளைஞர் நிமிர்ந்து பார்த்தார். இப்படிக் கேட்கும் வாடிக்கையாளர்கள் குறைவு போல.

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையிலிருந்து வரும் காரின் பெயின்ட், அடியில் இருக்கும் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறம், மேலே இருக்கும் கிளியர் கோட் என அத்தனையும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் வெயிலையும் மழையையும் நேரடியாகத் தாங்கும் கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரான். தலைமுடியின் கனம்கூட இல்லை. பி.பி.எஃப். ஃபிலிமின் கனமோ 150 முதல் 200 மைக்ரான். அதாவது, மொத்தப் பெயின்டைவிட அதன் மேல் ஒட்டும் காவல்காரன் தடிமனானவன்.

"நாங்க பெட்டிக்கு பிரைமர் அடிச்சு, பட்டி பார்த்து, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்ச்சு, அப்புறம்தான் கலர் அடிப்போம். இவ்வளவு மெல்லிசாவா விடுறாங்க காருக்கு?" என்று பானெட்டைத் தடவிப் பார்த்தார் அப்பா.

எது தடுக்கும், எது தடுக்காது?

சென்னையில் காரின் பெயின்டுக்கு எதிரிகள் அதிகம். பெங்களூரு நெடுஞ்சாலையில் முன்னால் போகும் ஜல்லி லாரி. கடற்கரையோர உப்புக் காற்று. தூங்குமூஞ்சி மர நிழல் என்று நம்பி நிறுத்தினால் மேலே விழும் பிசுபிசுப்பு. காக்கை எச்சம். எச்சத்தை வெயிலில் காயவிட்டால் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டில் தடம் விழுந்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய எதிரி அன்றாடம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. காலையில் காய்ந்த துணியால் தூசியைத் துடைக்கிறோமே, அதுதான். தூசியில் இருக்கும் மணல் துகள்கள் உப்புத்தாள் மாதிரி பெயின்டைத் தேய்க்கின்றன. ஒரே பக்கெட் தண்ணீரில் அபார்ட்மென்ட்டின் பத்து கார்களையும் துடைத்தால், பத்தாவது காரில் ஒன்பது கார்களின் மண்ணும் சேர்ந்து கோலம் போடும். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டக் கோடுகள் தெரிவது அதனால்தான். கறுப்பு, நீலம் போன்ற அடர் நிறங்களில் அது பளிச்சென்று தெரியும்.

பி.பி.எஃப். இவற்றைத் தாங்கும். கல் தெறித்தால் அடியைத் தான் வாங்கிக்கொள்ளும். மேல்பூச்சில் விழும் மெல்லிய கோடுகள் வெயில் சூட்டிலோ வெந்நீரிலோ தாமாகவே மறையும். ஆனால், ஆழமாகக் கிழித்தால் ஃபிலிமும் கிழியும். யாராவது இடித்து தகடு உள்ளே போனால் ஃபிலிம் ஒன்றும் செய்யாது, டிங்கரிங் கடைக்குத்தான் போக வேண்டும்.

பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு விஷயம் செராமிக் கோட்டிங். அது திரவமாகப் பூசப்படுவது. சில மைக்ரான் கனம்கூட இருக்காது. தண்ணீர் உருண்டு ஓடும், பளபளப்பு நிற்கும், கழுவுவது சுலபம். கல்லடியைத் தடுக்கும் வலு அதற்குக் கிடையாது. 'பி.பி.எஃப். மாதிரியேதான் சார், விலைதான் கம்மி' என்று யாராவது செராமிக்கை விற்றால் நம்ப வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை ஃபிலிமின் தரம், காரின் அளவு, ஒட்டுபவரின் கைத்திறன் மூன்றும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பெரிய கார் முழுவதும் நல்ல ஃபிலிம் ஒட்டினால் லட்ச ரூபாயைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

வாக்கரைப் பார்த்தவர்

கடைக்குப் பின்னால் சந்தில் இருந்த பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார்கள். ஃபிலிம் ஒட்டும் அறைக்கு முதல் தேவை தூசி இல்லாமை. ஒரு தூசி உள்ளே மாட்டினாலும் அது கொப்புளமாக நின்றுவிடும். அதனால் ரோட்டோரத்தில் வைத்து ஒட்டித் தருகிறோம் என்பவர்களிடம் இந்த வேலையைக் கொடுக்காமல் இருப்பது நல்லது.

இளைஞர் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்கதவின் கோட்டில் வந்து நின்றார். கட்டைவிரல் நகத்தை அதன் மேல் மெதுவாக இழுத்தார்.

"நகம் மாட்டல. கிளியர் கோட்டோட நின்னுடுச்சு. பாலிஷ் போட்டா முக்காவாசி போயிடும். நகம் மாட்டியிருந்தா பெயின்ட்தான் அடிக்கணும்" என்றார்.

"ஃபிலிம் ஒட்டினா மறைஞ்சிடாதா?" என்றார் மகள்.

"இல்லக்கா. ஃபிலிம் எதையும் மறைக்காது. அடியில என்ன இருக்கோ அதை அப்படியே காட்டும். அதான் முதல்ல பாலிஷ், அப்புறம் ஃபிலிம்."

அதுவரை ஓரமாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அம்மா மெல்லச் சொன்னார், "நான்தான் தம்பி இடிச்சேன்."

இளைஞர் அப்போதுதான் வாக்கரைக் கவனித்தார். ஒரு நிமிடம் யோசித்தார். "அம்மா, ஒரு தடவை வண்டில ஏறி இறங்கிக் காட்டுங்களேன்" என்றார்.

அம்மா தயங்கினார். மகள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். அம்மா வாக்கரைக் கதவிலிருந்து இரண்டடி தள்ளியே வைத்தார். அங்கிருந்து எட்டி இருக்கையைப் பிடிக்கப் பார்த்தபோது உடம்பு தடுமாறியது. அப்பா ஓடி வந்து தோளைத் தாங்கினார்.

"வண்டில படக் கூடாதுன்னு தள்ளி வைக்கிறீங்க. அப்படி வெச்சா நீங்க விழுந்துடுவீங்கம்மா. கிட்டக்கவே ஊனுங்க, படட்டும்" என்றார் இளைஞர். அம்மா மறுபடி முயன்றார். இந்த முறை வாக்கரின் கால் கதவுக்கடியில் உள்ள வாசல்படிப் பட்டையில் தட்டியது. அம்மாவின் வலது கை மோதிரம் கைப்பிடியின் உட்குழியில் உரசியது. வாக்கரை மடித்து டிக்கியில் வைத்தபோது அது பின்பம்பரின் மேல்விளிம்பில் இடித்தது. இளைஞர் ஒவ்வொரு இடத்திலும் சின்னதாகப் பச்சை டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டே வந்தார்.

பிறகு அப்பாவிடம் திரும்பினார். "சார், கூரைக்கெல்லாம் எதுக்கு ஒட்டணும்? உங்க வண்டி அடிபடப்போறது இந்த இடங்கள்லதான். பின்கதவோட கீழ்ப்பாதி, நாலு கைப்பிடிக் குழி, கதவு விளிம்புங்க, வாசல்படி, டிக்கி விளிம்பு. ஹைவேஸ் போவீங்கன்னா முன்பம்பரும் பானெட் முனையும். பதினாறாயிரத்துல முடிச்சிடலாம்."

கடைக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும், "அவன் சொல்றது சரிதான் சார்" என்றார்.

அப்பா மகளைப் பார்த்தார். மகள் அம்மாவைப் பார்த்தார். "சரி, ஒட்டுங்க" என்றது அம்மா.

சோப்புத் தண்ணீரும் பொறுமையும்

ஒட்டும் வேலை வேடிக்கை பார்க்கத் தகுந்தது. முதலில் காரைக் கழுவுகிறார்கள். பிறகு களிமண் உருண்டை மாதிரியான 'கிளே பார்' கொண்டு பெயின்டின் மேல் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை எடுக்கிறார்கள். அடுத்து பாலிஷ். பின்கதவின் கோடு சுற்றும் மெஷினுக்கு அடியில் மங்கிக்கொண்டே வந்தது. பாலிஷ் என்பது கிளியர் கோட்டையே சில மைக்ரான் சீவி எடுப்பது என்பதால் திரும்பத் திரும்பப் போடக் கூடாது. ஒரு கட்டத்தில் இளைஞர் மெஷினை நிறுத்தினார். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்கு ஒரு நிழல் மிச்சம். "இதுக்கு மேல போட்டா கிளியர் கோட் தாங்காது சார்" என்றார். "இருக்கட்டும், விடு தம்பி" என்றார் பெயின்ட் ஷாப்காரர்.

சில துண்டுகள் கார் மாடலுக்கென்றே கம்ப்யூட்டரில் அளவு போட்டு வெட்டப்பட்டவை. கார் மேலேயே வைத்துக் கத்தியால் வெட்டும் முறையும் உண்டு. அதில் கை தவறினால் காக்க வந்த இடத்திலேயே கோடு விழும். வெட்டும் முறை எது என்று முன்பே கேட்டுக்கொள்வது உத்தமம்.

பெயின்டின் மேல் தண்ணீரில் சில துளி பேபி ஷாம்பு கலந்து தெளிக்கிறார்கள். ஃபிலிமை அதன் மேல் மிதக்கவிட்டு, வழுக்கி வழுக்கிச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறார்கள். பிறகு ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளுகிறார்கள். வளைவுகளில் ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்துப் பிடிப்பு கொடுக்கிறார்கள். ஓரங்களை ஹீட் கன் சூட்டில் மடித்து உள்ளே விடுகிறார்கள்.

அப்பா மூன்று மணி நேரமும் நாற்காலியில் உட்காரவே இல்லை. ஒரு கட்டத்தில் டார்ச் லைட்டை வாங்கித் தானே பிடித்துக்கொண்டார். "அந்த முனையில காத்து நிக்குது பாரு தம்பி" என்று அவர் காட்டிய இடத்தில் உண்மையிலேயே ஒரு கொப்புளம் இருந்தது.

முடிந்ததும் இளைஞர் சொன்ன பத்தியம் இதுதான். ஒரு வாரம் கழுவக் கூடாது. குட்டிக் குட்டி நீர்க்குமிழ்கள் தெரிந்தால் ஊசியால் குத்தக் கூடாது, சில நாள்களில் தானாக வற்றிவிடும். பிரஷர் பம்ப் தண்ணீரை ஃபிலிம் ஓரத்தில் நேராக அடிக்கக் கூடாது. எச்சம் விழுந்தால் அன்றே ஈரத் துணியால் ஊறவைத்து எடுக்க வேண்டும்.

இதோடு இன்னும் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். வாரன்டி கார்டில் ஃபிலிமின் பெயர், ரோல் எண், ஒட்டிய தேதி மூன்றும் இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் ஃபிலிமுக்கும் இன்ஷூரன்ஸ் பணம் வருமா என்பதை பாலிசி எடுத்த நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. தெளிவான ஃபிலிமால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனால், நிறத்தையே மாற்றும் படலம் ஒட்டினால் கதை வேறு. ஆர்.சி.யில் காரின் நிறமும் பதிவாகியிருக்கிறது என்பதால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஜன்னல் கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதையோ 2012-லேயே உச்ச நீதிமன்றம் தடை செய்துவிட்டது.

எலுமிச்சைக் காவல்

ஜி.பி. ரோட்டிலிருந்து வெளியே வந்தால் அண்ணாசாலை. சாலைக்கு அந்தப் பக்கம், கூவம் ஆற்றை ஒட்டிப் புதுப்பேட்டை. அங்கே பழைய கார்கள் கதவு வேறு, பானெட் வேறு, இன்ஜின் வேறாகக் கழற்றப்பட்டுக் குவிந்து கிடக்கின்றன. வெயிலில் நிறம் செத்து, கிளியர் கோட் பாம்புச் சட்டை மாதிரி உரிந்த கதவுகள். அவையும் ஒருகாலத்தில் மாலை போட்டு, போட்டோ எடுத்து வீட்டுக்கு வந்தவைதான். புதுக் காருக்குத் தோல் போர்த்தும் தெருவுக்கும், பழைய காரின் தோலுரிக்கும் தெருவுக்கும் நடுவே இருப்பது ஒரு சாலைதான்.

நீல நிறக் கார் அண்ணாசாலையில் வடக்கே போனது. 1840-ல் தொடங்கி, குதிரை வண்டிகள் கட்டிய சிம்ப்சன் கம்பெனியைத் தாண்டி, பல்லவன் சாலைக்குள் திரும்பி, பாடிகாட் முனீஸ்வரர் கோயில் வாசலில் நின்றது. சென்னையில் புது வண்டி வாங்கியவர்களில் பலருக்கு ஷோரூமுக்கு அடுத்த ஸ்டாப் இதுதான். சைக்கிள் முதல் சரக்கு லாரி வரை இங்கே வரிசையில் நிற்கும்.

பூசாரி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். "ஐயா, பெயின்ட்ல வேணாம். கண்ணாடியில வெச்சிடுங்க" என்றார் மகள் அவசரமாக. மஞ்சளும் குங்குமமும் ஃபிலிமில் கறையாகத் தங்கும் என்று பட்டறையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பூசாரி சிரித்தார். அவருக்கு இது புதிதல்ல போல. கண்ணாடியின் ஓரத்தில் மூன்று பொட்டு வைத்தார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்தார். தேங்காய் உடைந்தது. கார் மெல்ல முன்னே நகர்ந்து எலுமிச்சையை நசுக்கியது.

காரின் பின்சீட்டில்தான் வந்திருந்தார் அம்மா. ஜி.பி. ரோட்டிலிருந்து கிளம்பியபோது ஆட்டோ என்ற பேச்சே எழவில்லை.

சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பி ஏறும்போது பின்னால் நின்ற வேன் ஹாரன் அடித்தது. அம்மா அவசரமாக வாக்கரை ஊன்ற, அது 'டங்' என்று கதவின் கீழ்ப்பக்கம் மோதியது. மூன்று பேரும் ஒரு கணம் அப்படியே நின்றார்கள். அப்பா குனிந்து பார்த்தார். ஃபிலிமின் மேல் லேசாக ஒரு தடம். பெருவிரலால் தடவினார்.

"ஒண்ணுமில்ல, ஏறு" என்றார்.

அம்மா கைப்பிடியைப் பிடித்து, வாக்கரைக் கதவோடு ஒட்டியே ஊன்றி, நிதானமாக ஏறி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் சீட்டைத் தொட்டுப் பார்த்தார். "இந்த பிளாஸ்டிக் உறையை எதுக்கு இன்னும் வெச்சிருக்கீங்க? சறுக்குது. கழட்டிப் போடுங்க முதல்ல" என்றார்.

வண்டி கிளம்புவதற்கு முன்பு, மகள் இறங்கி வந்து அதைக் கிழித்தெடுத்தார்.